புது யூனிட் போடவிருக்கும் பின்னலாடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூரில் புதிய யூனிட் தொடங்கவும், இருப்பதைப் பெரிதாக்கவும் திட்டமிட்டிருக்கும் சிறு, நடுத்தரப் பின்னலாடை உற்பத்தியாளர்களுக்கு,



உங்களில் பலருடைய மேஜையில் இப்போது ஒரு புராஜெக்ட் ரிப்போர்ட் இருக்கும். இல்லையென்றால் ஆடிட்டர் ஆபீஸில் தயாராகிக்கொண்டிருக்கும். அதன் முன்பாதியில் ஓவர்லாக், ஃபிளாட்லாக், சிங்கர் மெஷின்களுக்கான கொட்டேஷன், கட்டட மதிப்பீடு, ஜெனரேட்டர், பாய்லர் என்று செலவுகள் ரூபாய் சுத்தமாக எழுதப்பட்டிருக்கும். பின்பாதியில் ஏழு வருட லாப நட்டக் கணக்கு வரும். முதல் வருடம் மெஷின் திறனில் அறுபது சதவீதம் ஓடும், அடுத்த வருடம் எழுபது, அதற்கடுத்து எண்பது என்று போட்டிருப்பார்கள். அந்த ஏழு வருடத்தில் ஒரு வருடம்கூட முந்தைய வருடத்தைவிடக் குறைந்திருக்காது. முன்பாதிக்காகப் பத்து கடை ஏறி இறங்கி விலை பேசுகிறீர்கள். பின்பாதியை ஆடிட்டர் எழுதியபடியே விட்டுவிடுகிறீர்கள். கடன் அடையுமா, யூனிட் கைமாறுமா என்பதைப் பெரும்பாலும் அந்தப் பின்பாதிதான் தீர்மானிக்கிறது. அங்கே விடுபடும் ஒரு செலவைப் பற்றித்தான் இந்த மடல். பணம் வராத மாதங்களைத் தாக்குப்பிடிக்க ஆகும் செலவு அது.

அடி எப்போதாவது விழும், அதை எப்படி முன்கூட்டி எழுத முடியும் என்று கேட்பீர்கள். நம் ஊர்க் கணக்கையே எடுத்துப் பார்க்கலாம். 2007 கடைசியில் டாலர் 39 ரூபாய் வரை இறங்கியது. அது இன்னும் இறங்கும் என்று நம்பிப் பல ஏற்றுமதியாளர்கள் வங்கிகள் விற்ற சிக்கலான டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டார்கள். 2008 முடிவதற்குள் டாலர் 50 ரூபாயைத் தொட்டது, அமெரிக்க, ஐரோப்பிய ஆர்டர்களும் சுருங்கின. 2010-11இல் பஞ்சு விலை, சாயப்பட்டறை மூடல் என்று இரட்டை அடி. 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம், 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. 2020இல் கொரோனா ஊரடங்கு. 2022 மே மாதம் ஒரு கண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. ஒன்றரை வருடத்துக்கு முன் அதில் பாதிகூட இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு முதலில் 25 சதவீதம், அதே மாதம் 27ஆம் தேதி முதல் மேலும் 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. டேர்ம் லோன் காலம் பொதுவாக ஐந்திலிருந்து ஏழு வருடம். 2005க்குப் பிறகு எந்த வருடத்தில் கடன் வாங்கினாலும், அடுத்த ஏழு வருடத்துக்குள் இந்தப் பட்டியலில் ஏதோ ஒன்று வந்து விழுகிறது. அடி விழாத ஏழு வருடம் என்று ஒன்றைக்கூட உங்களால் காட்ட முடியாது. எந்த மாதம், எந்தப் பக்கத்திலிருந்து என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் கடன் முடிவதற்குள் ஒரு முறையாவது வரும் என்பது நடந்த கணக்கு. அதை எதிர்பாராத செலவு என்று சொல்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

இவற்றில் 2010-11ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அடிகள் ஒவ்வொன்றாக வரிசையில் நின்று வருவதில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. மத்திய அரசு 1999 ஏப்ரலில் தொடங்கிய ஜவுளித் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டத்தை நம்பித்தான் அப்போது பலரும் மெஷின் வாங்கினார்கள். 2010 ஜூன் கடைசியில் அந்தத் திட்டத்தில் புது அனுமதி நிறுத்தப்பட்டது; மறுபடி திறக்க 2011 ஏப்ரல் கடைசி ஆனது. அந்தப் பத்து மாதத்தில்தான் பஞ்சு விலை கண்டிக்கு 60,000 ரூபாயைத் தாண்டியது. நூல் விலை ஏறுவதற்கு முன் ரேட் பேசி ஆர்டர் எடுத்தவர்கள், ஒவ்வொரு பீஸுக்கும் கைக்காசைப் போட்டு ஷிப்மென்ட் அனுப்பினார்கள். 2011 ஜனவரி 28இல், நொய்யல் ஆற்றுப் பாசன விவசாயிகள் தொடுத்த வழக்கில், கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. துணி வெளியூருக்குச் சாயத்துக்குப் போனது, கூலியும் நாளும் கூடின. பிறகு பஞ்சு விலை சில மாதங்களில் ஏறக்குறையப் பாதியாக விழுந்தது. உச்ச விலையில் நூல் வாங்கி அடுக்கியவர்களுக்கு அது இன்னொரு நட்டம். மானியம், மூலப்பொருள், சாயம் என மூன்றையும் தனித்தனி அபாயங்களாக எண்ணி, ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் மார்ஜின் வைத்தவர்கூட மூன்றும் ஒரே வருடத்தில் வரும் என்று போட்டிருக்க மாட்டார். வழக்கைப் பொறுத்தவரை, விவசாயிகளின் பக்கம் நியாயம் இருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாயக்கழிவை ஆற்றில் விட்டது, நாம் கட்டாமல் தள்ளிப்போட்ட செலவு. அது ஒரு நாள் வட்டியோடு வரும் என்று அப்போதே எழுதியிருக்கலாம். 2006லேயே நீதிமன்றம் கெடு வைத்துவிட்டது.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. மொத்தத் திட்டம் மூன்று கோடி என்று வைத்துக்கொள்வோம். வங்கிக் கடன் இரண்டு கோடி, சொந்தப் பணம் எழுபது லட்சம், வரவேண்டிய மானியம் முப்பது லட்சம். இந்த மூன்று கோடிக்குள் நடப்பு மூலதனத்துக்கு மார்ஜினாக நாற்பது லட்சம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஏழு வருடக் கடன், ஆறு மாத மொராட்டோரியம், வட்டி பத்து சதவீதம். ஏழாம் மாதம் மெஷின் ஓடும் என்கிறது ரிப்போர்ட். நடப்பில், ஹை டென்ஷன் மின் இணைப்புக்கு டிரான்ஸ்ஃபார்மர் வரத் தாமதமாகிறது, கட்டட அனுமதியில் ஒரு குறிப்பைத் திருத்தச் சொல்கிறார்கள், பொங்கலுக்கு ஊருக்குப் போன கொத்தனார்கள் இருபது நாள் கழித்து வருகிறார்கள். நான்கு மாதம் தள்ளிப்போகிறது. நம் ஊரில் நான்கு மாதத் தாமதத்தை யாரும் தாமதம் என்றே சொல்ல மாட்டார்கள். ஆனால் மாதம் வட்டி ஒரு லட்சத்து அறுபத்தேழாயிரம், அசல் தவணை இரண்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். நான்கு மாதத்துக்குப் பதினேழு லட்சம். வேலைக்கு எடுத்துவிட்ட கட்டிங் மாஸ்டர், மெர்ச்சண்டைசர், மெக்கானிக் சம்பளமும் தொழிலாளர் விடுதி வாடகையும் மாதம் மூன்று லட்சம் என்றால் பன்னிரண்டு லட்சம். நாற்பது லட்ச மார்ஜினில் மிச்சம் பதினொன்று. மானியம் முப்பது லட்சம் இன்னும் வரவில்லை. ஆனால் அதை நம்பி வாங்கிய மெஷினுக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது. ஆக, ஒரு மூட்டை நூல்கூட வாங்கும் முன்பே பத்தொன்பது லட்சம் பள்ளம். மெஷின் விலையில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை, ஆர்டர் ரத்தாகவில்லை, டாலர் அசையவில்லை. தப்பாகப் போனவை இரண்டே: நான்கு மாதமும் ஒரு மானியமும்.

இந்தப் பள்ளத்தோடுதான் முதல் ஆர்டருக்குள் நுழைகிறார்கள். நூலுக்குப் பணம் முதலில் போகிறது. நிட்டிங், சாயம், காம்பாக்டிங் முடிந்து துணி கட்டிங்குக்கு வர ஒரு மாதம். தைத்து, செக்கிங் முடித்து, பேக்கிங் செய்து தூத்துக்குடிக்கு லாரி ஏற இன்னொரு மாதம். கப்பல் போய்ச் சேர்ந்து, பையரின் அறுபது நாள் கெடுவும் முடிந்து பணம் வரும்போது நான்கு, ஐந்து மாதம் ஓடியிருக்கும். பேக்கிங் கிரெடிட் இதில் ஒரு பகுதியைத் தாங்கும். மார்ஜின் நம்முடையதாக இருக்க வேண்டும். அது இல்லாதவர் வெளியில் வட்டிக்கு வாங்குகிறார். தவணை தொண்ணூறு நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும் என்பதால், வங்கித் தவணையைக் கட்டவும் அதே இடத்துக்குப் போகிறார். அங்கே வாங்கும் வட்டி எந்த ரிப்போர்ட்டிலும் இருக்காது. யூனிட் நஷ்டத்தில் மூடியது என்று ஊர் சொல்லும் கதைகளில் பலவற்றைப் பிரித்துப் பார்த்தால், தொழிலில் லாபம் இருந்திருக்கும். பணம் வரும் வரை நிற்கத்தான் முடிந்திருக்காது.

மானியம் பற்றி என் கருத்து கடுமையானது. மானியத்தைத் திட்டச் செலவுக்கான வரவாக எழுதவே கூடாது. வந்தால் கடனில் கழித்துக்கொள்ளலாம். மேலே சொன்ன பத்து மாத நிறுத்தம் போன்றவை போக, ஆய்வு, சான்று, நிதி ஒதுக்கீடு என்று ஒவ்வொரு படியிலும் அது நிற்கும். அரசு தராமல் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. அது வரும் தேதி உங்கள் கையில் இல்லை. தவணைத் தேதியோ கல்லில் எழுதியது.

சரி, எத்தனை மாதத் தாமதம், எவ்வளவு கூடுதல் செலவு என்று எப்படிக் கணிப்பது? உங்கள் திட்டத்தை எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் விடை கிடைக்காது. உளவியலாளர் டேனியல் கானமன், தான் இடம்பெற்ற பாடநூல் குழு ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். எப்போது முடியும் என்று குழுவினரைத் தனித்தனியாக எழுதச் சொன்னபோது எல்லோரும் இரண்டு வருடத்தை ஒட்டியே எழுதினார்கள். குழுவில் அனுபவசாலி ஒருவர் இருந்தார். இதேபோன்ற மற்றக் குழுக்களுக்கு எவ்வளவு காலம் ஆனது என்று அவரிடம் கேட்டதும், முடித்தவர்களுக்கு ஏழிலிருந்து பத்து வருடம் ஆனது, நாற்பது சதவீதம் பேர் முடிக்கவே இல்லை என்றார். சற்றுமுன் அவரே எழுதிய விடையும் இரண்டு வருடம்தான். கடைசியில் அந்த வேலைக்கு எட்டு வருடம் ஆனது. விவரம் அந்த அறைக்குள்ளேயே இருந்தது, கேட்கும் வரை யாரும் எடுக்கவில்லை. உங்கள் ஆடிட்டரும் அப்படித்தான். அவர் கையால் ரிப்போர்ட் எழுதிக் கடன் வாங்கிய யூனிட்கள் இருபதாவது இருக்கும். பெயர் வேண்டாம், எத்தனை யூனிட் சொன்ன மாதத்தில் ஓடத் தொடங்கின, எத்தனை கூடுதல் கடன் கேட்டன, எத்தனை கைமாறின என்று மட்டும் கேளுங்கள். அந்த எண்களிலிருந்து உங்கள் தாமதத்தைப் போடுங்கள். ‘நம்ம கேஸ் வேற’ என்று தோன்றும். அந்த இருபது பேருக்கும் அப்படித்தான் தோன்றியது.

பெரிய ஆலோசகர்களை வைத்து எழுதினால் இந்தக் கோளாறு வராது என்று நினைக்க வேண்டாம். நம் ஊர்க் குடிநீர்க் குழாய்த் திட்டமே உதாரணம். புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகம், காவிரியிலிருந்து 55 கிலோமீட்டர் தூரம் தண்ணீர் கொண்டுவர 1,023 கோடி ரூபாயில் போட்ட திட்டம் அது. தனியார் பங்கேற்போடு இந்தியாவில் நடந்த முதல் பெரிய தண்ணீர்த் திட்டங்களில் ஒன்று. 2005இல் ஓடத் தொடங்கியது. நாளுக்கு 18.5 கோடி லிட்டர் கொள்ளளவு, அதில் 12.5 கோடி லிட்டரைச் சாயப்பட்டறைகள் உள்ளிட்ட தொழில்கள் வாங்கும் என்பது கணக்கு. கட்டுமானம் நன்றாகவே முடிந்தது. வாங்குபவர் கணக்குதான் பிசகியது. கிணற்று நீரும் லாரி நீரும் போட்டிக்கு நின்றன. பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்ற விதிக்காகப் பட்டறைகள் தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தத் தொடங்கியதும் புதுத் தண்ணீரின் தேவை குறைந்தது. 2011இல் பட்டறைகளே நின்றுபோயின. அந்தத் திட்டத்தின் பெரிய வாடிக்கையாளரும் ஊரின் பெரிய மாசுபடுத்துபவரும் ஒருவரே. தண்ணீர் ஓடத் தொடங்கும் முன்பே நொய்யல் வழக்கு நீதிமன்றப் படியேறியிருந்தது. ஒரே வாடிக்கையாளர் வகையை நம்பிப் போடும் முதலீட்டின் அபாயம் அது. ஒரே பையருக்காக நூறு மெஷின் போடும் உங்களுக்கும் அதே அபாயம்தான், தொகைதான் சிறியது.

இனி உங்கள் பக்கத்து வாதங்களுக்கு வருகிறேன். இப்படியெல்லாம் கணக்குப் பார்த்திருந்தால் திருப்பூரே உருவாகியிருக்காது, துணிந்தவர்கள் கட்டிய ஊர் இது என்பது முதல் வாதம். துணிந்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. எப்படித் துணிந்தார்கள் என்பதைப் பாருங்கள். திருப்பூரைப் பற்றி 2004இல் வெளிவந்த சரத் சாரியின் ஆய்வு நூல், தொழிலாளிகளாக இருந்த விவசாயக் குடும்பத்தார் படிப்படியாக முதலாளிகளான கதையைச் சொல்கிறது. நான்கு மெஷின், பங்காளிகளின் பணம், மீதி எல்லாம் ஜாப் ஒர்க். நிட்டிங் ஒருவரிடம், சாயம் ஒருவரிடம், பிரிண்டிங் ஒருவரிடம். ஆர்டர் குறைந்தால் பக்கத்துத் தெருவுக்கு வேலை குறையும். தன் தலையில் தவணை ஏறாது. ஊரின் அமைப்பே அபாயத்தைப் பிரித்துப் போட்டிருந்தது. இன்று நிட்டிங் முதல் பேக்கிங் வரை எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ், ஒரே கடனில், ஒரே வருடத்தில் போடுவதை அந்தத் துணிச்சலின் வாரிசு என்று சொல்ல என்னால் முடியவில்லை. இன்னொன்று, விருது மேடையில் ஏறுபவர் நிலைத்தவர் மட்டுமே. அதே துணிச்சலோடு இறங்கி வீட்டை விற்றவரை யாரும் பேச அழைப்பதில்லை.

இரண்டாவது வாதம், அபாயத்துக்குத் தொகை எழுதினால் வங்கி கடன் தராது என்பது. இது பாதிதான் உண்மை. திட்டச் செலவில் எதிர்பாரா இனத்துக்கு ஒரு வரி எல்லா வங்கியும் ஏற்பதுதான். விற்பனை குறைந்தால், மூலப்பொருள் விலை ஏறினால் தவணை கட்ட முடியுமா என்று வங்கி அதிகாரியும் போட்டுப் பார்க்கிறார். உங்கள் நேர்மையான எண்ணை எழுதியதும் தவணை கட்டும் திறன் விகிதம் வங்கி கேட்கும் அளவுக்குக் கீழே போகிறது என்றால், திட்டம் தாங்காது என்று அந்த விகிதம் சொல்கிறது. ஆடிட்டரிடம் ‘அட்ஜஸ்ட் பண்ணுங்க’ என்று சொல்லி விகிதத்தை ஏற்றலாம். காகிதம் தேறிவிடும். பிணையமாக வைத்த வீடு உங்களுடையது.

மூன்றாவது வாதத்துக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. பகுதி பகுதியாகப் போடு, முதலில் ஜாப் ஒர்க்கில் ஓட்டு என்று சொல்வது எளிது. ஆனால் பையர் காத்திருக்க மாட்டார், பல பையர்கள் தணிக்கை செய்து ஒப்புக்கொண்ட யூனிட்டுக்கு வெளியே தைக்க விடுவதே இல்லை. இது நியாயமான சிக்கல். அப்படிப்பட்ட பையருக்காக யூனிட் போடுகிறவர், குறைந்தது இரண்டு சீசனுக்கான அளவை எழுத்தில் கேட்க வேண்டும். தர மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். அவர் எழுதித் தர மறுக்கும் எண்ணிக்கையை நம்பி நீங்கள் வங்கிக்கு எழுதித் தருகிறீர்கள் என்பதையாவது அந்த மறுப்பு உங்களுக்குக் காட்டும். கட்டடத்தை முழு அளவுக்குத் திட்டமிட்டு, மெஷினைப் பாதி மட்டும் இறக்கி, கடனையும் இரண்டு கட்டமாக அனுமதி வாங்குவது இதற்கு நடுவழி. முதலில் போட்ட மெஷின் ஆறு மாதம் முழு ஷிஃப்ட் ஓடிய பிறகு இரண்டாம் கட்டம். ஒரு பீஸுக்கான செலவு அதுவரை கொஞ்சம் கூடும். அந்தக் கூடுதல், ஏழு வருடத்துக்குள் விழப்போகும் அடிக்கு நீங்கள் கட்டும் பிரீமியம். முதலில் சிறிதாக ஓட்டிப் பார்த்துவிட்டுப் பெரிதாக்குவதை ஊர் ஒரு முறை செய்தும் காட்டியிருக்கிறது. கழிவுநீரில் மிஞ்சும் உப்பை ஆவியாக்கும் இயந்திரங்களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கோடிகளைப் போட்டுவிட்டு, சொன்ன அளவு ஓடாமல் திணறின. மூடலுக்குப் பிறகுதான் அருள்புரம் நிலையத்தில், உப்புக் கரைசலையே மறுபடி சாயத்துக்குப் பயன்படுத்தும் முறையைச் சோதித்து, ஓடுவதைப் பார்த்துவிட்டு மற்ற நிலையங்கள் எடுத்துக்கொண்டன. அந்த வரிசை முதலிலேயே இருந்திருக்கலாம்.

டாலர் அபாயத்துக்கு ஒரு வரி போதும்: கையில் இருக்கும் ஆர்டரின் தொகைக்கும் தேதிக்கும் சாதாரண ஃபார்வர்டு போடுங்கள், ஒரே மூச்சில் விளக்க முடியாத எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் முன் ஒரு தாளில் மூன்று எண்களை எழுதுங்கள். யூனிட் ஓடத் தொடங்குவது எத்தனை மாதம் தள்ளிப்போகலாம் என்பது முதல் எண். அதை ஆடிட்டரின் இருபது யூனிட் அனுபவத்திலிருந்து எடுங்கள். ஓடத் தொடங்கியபின் ஆறு மாதம் ஆர்டர் பாதியானால் மாதாமாதம் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பது இரண்டாவது. மானியத்தை அடித்துவிட்டால் எவ்வளவு குறையும் என்பது மூன்றாவது. மூன்றையும் கூட்டுங்கள், ஒரே நேரத்தில் வரும் என்றே கூட்டுங்கள். அந்தத் தொகை சொந்தப் பணமாகவோ, வங்கி எழுதிக் கொடுத்த கடன் வரம்பாகவோ இருந்தால் தாராளமாக யூனிட் போடுங்கள். இல்லையென்றால் மெஷின் எண்ணிக்கையைப் பாதியாக்கி, தாளை மறுபடி எழுதுங்கள். வீட்டில் யாருடைய கையெழுத்தை ஜாமீனாகக் கேட்கப்போகிறீர்களோ, அவரிடம் அந்தத் தாளை முதலில் காட்டுங்கள்.